தில்லிக் குளிரில் கறிவேப்பிலை

டிசம்பர் கடைசியில் தில்லித் தமிழர் வீட்டு பால்கனிகளில் கறிவேப்பிலைச் செடி மஞ்சளடித்து, இலையெல்லாம் கொட்டி, வெறும் குச்சியாக நிற்கும். பக்கத்துத் தொட்டியில் துளசி கருகிப்போயிருக்கும். அதே வாரம் தில்லியின் ஓரத்தில் உள்ள நஜஃப்கட் பக்கம் போனால் கடுகு பூத்துக் கிடக்கிறது, கோதுமை தூர்கட்டி நிற்கிறது. காற்றும் குளிரும் ஒன்றுதான். ஒன்றைச் சாகடிப்பது இன்னொன்றை எப்படி வளர விடுகிறது?

விடை சமையலறை அலமாரியிலேயே இருக்கிறது. ஜனவரியில் நம் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாய் உறைந்துவிடும். கடுகெண்ணெய் சாய்த்தால் வழியும். ஒவ்வொரு செல்லையும் போர்த்தியிருக்கும் சவ்வும் கொழுப்பாலானதுதான். வெப்பநாட்டுச் செடிகள் பலவற்றில் அது பத்து, பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே போனாலே இறுகத் தொடங்குகிறது. இறுகிய சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் வேலை செய்வதில்லை. செல்லுக்குள் இருக்கும் உப்புகள் கசிகின்றன. செல் இரண்டாகப் பிரிவது மந்தமாகிறது. பிரிந்த செல்லும், தண்ணீரின் அழுத்தத்தால் தன் சுவரைத் தள்ளிப் பெருக்க முடியாமல் சிறுத்தே நிற்கிறது. பகலில் வெயில் நன்றாகத்தான் அடிக்கிறது. ஆனால் குளிரில் மந்தித்த நொதிகளால் அந்த ஒளியைச் செலவழிக்க முடியாது. மிஞ்சிய ஒளியே பச்சையத்தைச் சிதைக்கிறது. அந்த மஞ்சள் இப்படி வருவதுதான்.

வாடுகிறதே என்று இந்த நாட்களில் தண்ணீரை ஊற்றாதீர்கள், உரமும் வேண்டாம். குளிர்ந்த வேர் உறிஞ்சாது, அழுகிவிடும்.

கோதுமையும் கடுகும் பிறவியிலேயே குளிர் தாங்குபவை என்றாலும், முழு வலுவும் முதல் நாளே வந்துவிடாது. நவம்பர் இரவுகள் மெல்ல மெல்லக் குளிரும்போது அவை தங்கள் சவ்வில் எளிதில் உறையாத கொழுப்பைக் கூட்டுகின்றன; செல்லுக்குள் சர்க்கரை சேர்க்கின்றன. பாலக் கீரை குளிரில் இனிப்பதும் இந்தச் சர்க்கரையால்தான். இந்த அவகாசம் கிடைக்காமல் திடீரென்று குளிர் விழுந்தால் இவையும் அடிபடும்.

உறைபனி வேறு கதை. தில்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1935 ஜனவரி 16 அன்று மைனஸ் 0.6 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட இரவில் பனிக்கட்டி முதலில் செல்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் உருவாகிறது. பிறகு செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்து வளர்கிறது. பனியில் சாகும் செல் பெரும்பாலும் தாகத்தில்தான் சாகிறது. இந்த இரவுகளுக்கு முன் உழவர்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சி வைப்பார்கள். ஈர மண் பகல் சூட்டைப் பிடித்துவைத்து இரவில் விடும்.

உருளைக்கிழங்குக்கு இந்தப் பனி பெரும் பகை. ஆண்டீஸ் மலையின் உயரங்களில் வளரும் சொலானம் அகாலே என்ற காட்டு உருளையோ பனியைத் தாங்கும். அதன் குணத்தைச் சாகுபடி உருளைக்குக் கொண்டுவர 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உழைத்தவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். அந்த ஆய்விலிருந்து வந்த ரகம்தான் ‘அலாஸ்கா ஃப்ராஸ்ட்லெஸ்’. பிறகு அவர் தில்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார்; 1966இல் அதன் இயக்குநரானார். அங்கே செய்த கோதுமை ஆய்வுக்காக அவரைப் பற்றித் தமிழில் நிறைய எழுதிவிட்டோம். அந்த உருளைக்கிழங்கைப் பற்றியும் யாராவது விரிவாக எழுத வேண்டும்.