கம்பி போகிற வழி

கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஒரு வருஷத்துக்குள் எழுந்து, 2016-ல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. நிலம் கைக்கு வந்துவிட்டால் ஒரே வேலி, ஒரே வாசல். பலகைகளை வரிசையாக நிறுத்திக்கொண்டே போகலாம். மின்சாரத்தை வெளியூருக்குக் கொண்டுபோகும் 400 கே.வி. லைனுக்கு அந்த வசதி கிடையாது. நூறு கிலோமீட்டர் லைன் என்றால் குறுக்கே நூற்றுக்கணக்கான பட்டாக்கள், ஓடைகள், கண்மாய்கள், ரயில் பாதை, நாலுவழிச் சாலை, ஏற்கெனவே போகிற பழைய லைன்கள், ஊருக்கு ஒரு சுடலைமாடன். இத்தனைக்கும் நடுவே யாராவது நடந்துபோய் வழி சொல்ல வேண்டும். அந்த வேலையைக் கற்றுக்கொண்டவள் நான்.

கல்லூரியில் லைன் என்றால் கரும்பலகையில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு நேர்கோடு. எவ்வளவு மெகாவாட் தாங்கும், வோல்டேஜ் எங்கே விழும் என்று கணக்குப் போடுவோம். அந்தக் கோடு யார் கிணற்றுக்கு மேலே போகிறது என்ற கேள்வி பாடத்தில் இல்லை. டவர் லைன் வேலை எடுத்துச் செய்யும் ஒரு நிறுவனத்தின் சர்வே பிரிவில் சேர்ந்ததும், கயத்தாறுக்கும் விளாத்திகுளத்துக்கும் இடையே உள்ள கரிசல் காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே எனக்கு வாய்த்த வாத்தியார், சின்னவர் பெரியவர் எல்லாரும் 'அண்ணாச்சி' என்று கூப்பிடும் ஒரு மூத்த சர்வேயர். சங்கிலியும் தியோடலைட்டும் பிடித்த காலத்து ஆள், டி.ஜி.பி.எஸ். கருவியும் அவருக்குக் கைவந்துவிட்டது.

இந்தச் சீமைக்கு லைன் ஏன் இவ்வளவு அவசரம் என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. தூத்துக்குடி பக்கத்து முள்ளக்காட்டில் 1986-ல் மின்வாரியம் பரீட்சார்த்தமாக நிறுத்திய காற்றாலைகளிலிருந்து கதை தொடங்குகிறது. அப்புறம் ஆரல்வாய்மொழிக் கணவாய், முப்பந்தல், கயத்தாறு என்று பரவி, இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆடிக் காற்று அடிக்கிற மாதங்களில் மின்சாரம் கொட்டும். எடுத்துப்போக லைன் போதாமல் காத்தாடிகளை நிறுத்தச் சொன்ன வருஷங்கள் பல. பசுமை மின்வழித் திட்டம் என்று மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து தெற்கே புது 400 கே.வி. நிலையங்களும் லைன்களும் போட்டது அந்த நெருக்கடியில்தான்.

அண்ணாச்சி எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் ஒரு பிளாஸ்டிக் தகட்டில் இருந்தது. டவரை எங்கே நிறுத்துவது என்பதை இப்போது கம்ப்யூட்டரே நொடியில் போட்டுத் தரும். "அது போடட்டும். அது போட்டது சரியான்னு பாக்க உனக்குத் தெரியணும்ல" என்று சொல்லிவிட்டு, மேஜைமேல் நீளமான கிராப் தாளை விரித்தார். லைன் போகும் பாதையில் நிலம் ஏறி இறங்குவதை அப்படியே வரைந்த தாள் அது. கிடைமட்டத்தில் 1:2000, செங்குத்தில் 1:200 அளவு. அதன்மேல் ஒளி ஊடுருவும் தகடு ஒன்றை வைத்தார். தகட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக வளைகோடுகள்.

கொடியில் ஈரத்துணி போட்டால் நடுவே தொய்கிற மாதிரிதான் டவர்க் கம்பியும். 400 கே.வி. லைனில் பெரும்பாலும் 'மூஸ்' என்ற கம்பி போகும். நடுவே ஏழு இரும்புப் புரி, சுற்றி ஐம்பத்து நான்கு அலுமினியப் புரி. ஒன்றேகால் அங்குலத் தடிமன். கிலோமீட்டருக்கு இரண்டு டன் எடை. 400 மீட்டர் இடைவெளியில் இரண்டு டவர்களுக்கு நடுவே இதைக் கட்டினால், வெயிலிலும் ஓடும் மின்சாரத்தின் சூட்டிலும் நீண்டு பன்னிரண்டு, பதின்மூன்று மீட்டர் தொய்யும். கம்பி 85 டிகிரிக்குச் சூடேறி முழுக்கத் தொய்ந்த நிலையிலும் தரைக்கும் அதற்கும் 8.84 மீட்டர் இருந்தாக வேண்டும் என்பது விதி. தகட்டின் முதல் வளைகோடு சூட்டில் தொய்ந்த கம்பி, அதற்கு 8.84 மீட்டர் கீழே இன்னொரு கோடு. கீழ்க்கோடு நிலத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி தகட்டை நகர்த்த வேண்டும். அது நிலத்தை வெட்டினால் டவரைக் கிட்டக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் உயரம் கூட்ட வேண்டும். மூன்றாவதாகக் குளிர்காலக் கோடு ஒன்றும் உண்டு. குளிரில் கம்பி இறுகும்போது பள்ளத்தில் நிற்கும் டவரைக் கீழே அழுத்துவதற்குப் பதிலாக மேலே இழுத்துவிடும். அந்த ஆபத்தைக் காட்டுவது அந்தக் கோடு.

காகிதத்தில் தகட்டை ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் காட்டில் டவர் இரண்டு மீட்டர் நகர்கிறது. அந்த இரண்டு மீட்டரில் டவர்க்கால் நஞ்சைக்குள்ளிருந்து வரப்போரத்துக்கு வந்துவிடலாம். கம்பிக்கு இரண்டு இடமும் ஒன்றுதான். உழுகிறவருக்கு ஒன்றில்லை. நடு வயலில் நாலு கால் நின்றால் டிராக்டர் ஒவ்வொரு சாலுக்கும் ஒதுங்கிப் போக வேண்டும். "கம்பிக்கு எவ்வளவு இடம் வேணும்னு இந்தத் தகடு சொல்லும். சம்சாரிக்கு எவ்வளவு வேணும்னு அவர்கிட்டத்தான் கேக்கணும்மா" என்றார் அண்ணாச்சி.

அடுத்த பாடம் வளைவு. லைன் நேராகப் போனால் 'ஏ' டவர். கம்பியைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றால் போதும். இரண்டு டிகிரிக்கு மேல் திரும்பினால் 'பி', பதினைந்துக்கு மேல் 'சி', முப்பதுக்கு மேல் அறுபது வரை 'டி'. திருப்பம் கூடக்கூடக் கம்பியின் இழுவையைத் தாங்க இரும்பின் எடையும் அஸ்திவாரக் கான்கிரீட்டும் ஏறும். அதிலும் கரிசல் மண் மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும். அதற்கென்று அஸ்திவாரமே தனி வகை. ஆகவே அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஒவ்வொரு வளைவும் வீண் செலவாகத்தான் தெரியும். அண்ணாச்சியின் கணக்கு வேறு. "வளைச்சா ஒரு தடவைச் செலவு. வளைக்காம விட்டா வாய்தாவுக்கு வாய்தா செலவு." கிணற்றுக்கு மேலும் கோயில் மரத்துக்கு மேலும் அடம்பிடித்துப் போன நேர்கோடுகள், டவரெல்லாம் நின்ற பிறகும் நடுவில் ஒரே ஒரு இடைவெளியில் கம்பி இழுக்க முடியாமல் கிடப்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. நூறு கிலோமீட்டரில் ஒரு இடைவெளி பாக்கி என்றாலும் ஒரு யூனிட்கூடப் போகாது.

சரி, எங்கே வளைப்பது? அதைக் கற்றுக்கொள்வதுதான் நடை. செயற்கைக்கோள் படத்தில் மூன்று பாதைகளைக் குறித்துக்கொண்டு மூன்றையும் நடந்து பார்ப்போம். கூந்தன்குளம் பறவைகளையும் வல்லநாட்டு வெளிமான்களையும் விலக்குவது வரைபடத்திலேயே முடிந்துவிடும். கல் குவாரி, செங்கல் சூளை, ஊர் மந்தை எல்லாம் நடக்கும்போது கண்ணில் படும். கண்ணில் படாதவைதான் சிக்கல். அண்ணாச்சி எந்த ஊருக்குப் போனாலும் டீக்கடையிலோ வேப்பமரத்தடியிலோ உட்கார்ந்து ஒரே கேள்வியைத்தான் விதவிதமாகக் கேட்பார்: இந்தக் காட்டில் அடுத்து என்ன வரப்போகிறது? யார் போர் போடப் போகிறார்கள், எந்தப் புஞ்சை பாகப்பிரிவினையில் இருக்கிறது, சாலையோரம் யார் பிளாட் போட விலை பேசுகிறார்கள், எந்தப் பீடத்துக்கு மேல் கோயில் எழுப்ப வரி பிரிக்கிறார்கள்?

லைனுக்குக் கீழே உளுந்தும் கம்பும் மக்காச்சோளமும் விளையும். வீடு கட்ட முடியாது. தென்னை வைக்க முடியாது. போர்வெல் வண்டி தன் கம்பத்தைத் தூக்கி நிறுத்த முடியாது. 400 கே.வி. என்றால் 46 மீட்டர் அகலத்துக்கு இந்தக் கட்டுப்பாடு. படத்தில் வெறும் கறுப்பு மண்ணாகத் தெரிகிற இடம்தான் ஒரு குடும்பத்தின் வருங்காலம் முழுக்க அடங்கிய இடமாக இருக்கும்.

விளாத்திகுளம் பக்கம் ஒரு ஊரில் களத்தில் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் எங்களிடம் நஷ்ட ஈடு ரேட்டைப் பற்றித்தான் பேசினார். சென்ட் மதிப்பு என்ன, பக்கத்து ஊரில் என்ன கொடுத்தார்கள் என்று விடாமல் கேட்டார். அவருடைய மனைவி வத்தலைக் கிளறிக்கொண்டே என்னைத் தள்ளிக் கூப்பிட்டு, "அந்தக் கிழக்கு மூலையில சின்னவனுக்கு வீடு கட்டணும்னு வச்சிருக்கோம் தாயி. இவுக சொல்ல மாட்டாக. சொன்னா வேலை நடக்காதுன்னு நெனப்பு" என்றார். புலப்படத்திலும் சிட்டாவிலும் அடங்கலிலும் அப்படியொரு வீடு இல்லை, இருக்கவும் முடியாது. முந்தின டவரையும் அடுத்த டவரையும் 'பி' ஆக்கினால் லைன் அந்த மூலையை விட்டு ஓடைப் புறம்போக்குப் பக்கம் சாய்ந்துவிடும் என்று அன்றைக்கு ராத்திரியே தகட்டை வைத்துப் பார்த்தோம். அதற்குப் பிறகு ஆண்கள் ரேட் பேசும் இடத்தில் அண்ணாச்சி உட்காருவார். அடுப்படிக்கும் களத்துக்கும் என்னை அனுப்புவார். இந்தத் தொழிலில் பெண்கள் வேண்டும் என்று நான் சொல்வதற்குச் சமத்துவம் மட்டும் காரணமில்லை. பாதி நிலவரம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

சட்டத்தையும் மனப்பாடமாகச் சொல்லத் தெரிய வேண்டும். கேட்கிறவர்கள் விவரமாகக் கேட்கிறார்கள். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு, 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரங்களை லைன் போடுகிறவர்களுக்குக் கொடுக்க அரசுக்கு வழி செய்கிறது. நிலத்தை எடுத்துக்கொள்வதில்லை, பட்டா சம்சாரி பேரிலேயே இருக்கும், சேதத்துக்கு ஈடு கொடுத்தால் போதும். தடுத்தால் கலெக்டர் உத்தரவு போடலாம். தந்திக் கம்பத்துக்கு எழுதின சட்டத்தை வைத்து 400 கே.வி. டவரை நடலாம் என்று எந்த ஊரில் சொன்னாலும் எடுபடாது. கொங்கு மாவட்டங்களில் 2018-ல் உயர்மின் கோபுரங்களை எதிர்த்து விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தது இதனால்தான். மத்திய மின்துறை 2015-ல் டவர் நிற்கும் இடத்துக்கு நிலமதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு 15 சதவீதம் வரை என்று பரிந்துரைத்தது. 2024-ல் அதை 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்த்தியது. ஏற்பது மாநிலங்கள் கையில்.

"பூமிக்கடியில கொண்டுபோனா என்ன?" என்பது எல்லா ஊரிலும் வரும் கேள்வி. நியாயமானதுதான். மாறுமின்சாரத்தைக் கேபிளில் அனுப்பினால் கேபிளை மின்னேற்றி மின்னிறக்கவே ஒரு பங்கு மின்னோட்டம் செலவாகும். தூரம் கூடக்கூட உருப்படியாக அனுப்ப இடமே இருக்காது. செலவும் பல மடங்கு. நேர்மின்சாரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கே.வி. நேர்மின் லைன் 6,000 மெகாவாட் கொண்டுவருகிறது. புகளூரிலிருந்து திருச்சூர் போகும் 320 கே.வி. நேர்மின் லைன் கேரளத்தில் ஒரு பகுதி பூமிக்கடியில்தான் போகிறது. ஆகவே "முடியாது" என்று நான் சொல்வதில்லை. எங்கே முடியும், எங்கே முடியாது, ஏன் என்று சொல்கிறேன். பெரும்பாலோர் முழுக்கக் கேட்கிறார்கள்.

இதெல்லாம் முடிந்தாலும் பருவம் ஒத்துழைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் சகதிக்குள் வண்டி இறங்காது. ஆடியில் கம்பி இழுத்துத் தொய்வு பார்க்க முடியாது. காற்று கம்பியை ஆட்டிக்கொண்டே இருக்கும். எந்தக் காற்றுக்காக லைன் போடுகிறோமோ அதுவே வேலையை நிறுத்திவிடும். அறுவடை முடிந்த தையிலிருந்து சித்திரை வரைதான் ஓட்டம். மேற்கு வங்கத்து மால்டாவிலிருந்து வந்த பையன்கள் விடியற்காலையில் டவர் உச்சியில் இருப்பார்கள். ஒரு டவரில் குறிபலகை கட்டி, எதிர் டவரிலிருந்து பார்த்து, கம்பிச் சூட்டைத் தெர்மாமீட்டரில் படித்து, அந்தச் சூட்டுக்கு அட்டவணை சொல்லும் தொய்வு வரும்வரை இழுப்பார்கள்.

2030-க்குள் 500 ஜிகாவாட் புதைபடிவமற்ற மின்திறன் என்பது நாட்டின் இலக்கு. அதற்காக மத்திய மின்சார ஆணையம் 2022 டிசம்பரில் வெளியிட்ட திட்டத்தில் 50,890 சர்க்யூட் கிலோமீட்டர் லைன், 2.44 லட்சம் கோடி ரூபாய். தமிழகக் கடலில் வரப்போகிற காற்றாலைகளுக்கான லைன்களும் அதில் அடக்கம். இன்னும் நடாத காத்தாடிக்கு இப்போதே லைன் வேண்டும் என்று திட்டம் போடுகிறவர்கள் கேட்கிறார்கள். இன்னும் கட்டாத வீட்டுக்காக லைனை விலக்கு என்று சம்சாரி வீட்டம்மா கேட்கிறார். இரண்டு பேரும் வராத ஒன்றைப் பற்றித்தான் பேசுகிறார்கள். முதலாமவர் கேட்பது திட்ட அறிக்கையில் அச்சாகி வருகிறது. இரண்டாமவர் கேட்பதைப் போய்க் கேட்டு எழுதினால்தான் உண்டு.

டிரோனும் லைடாரும் வந்துவிட்டன. நாங்கள் வாரக்கணக்கில் எடுத்த நில ஏற்ற இறக்கத்தை அவை ஒரே நாளில் எடுத்துவிடுகின்றன, சந்தோஷம். ஆனால் அப்படி மிச்சமாகும் வாரங்களை டெண்டரில் குறைத்துவிடுகிறார்கள் என்பதுதான் என் சண்டை. கருவி மிச்சப்படுத்திய நாட்களை ஊருக்குள் செலவழிக்கக் கொடுங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன். சர்வேக்குக் கேட்கிற அந்தச் சில வாரங்களைக் கொடுக்கத் தயங்குகிறவர்கள், பிறகு நீதிமன்றத்துக்கு வருஷக்கணக்கில் கொடுக்கிறார்கள்.