ஆமை பேசுகின்றது

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மாணவர்க்கு அடக்கமுடைமை அதிகாரத்தைக் கற்பித்து வந்தவன் நான். ஆமை தன் உறுப்புகளை ஓட்டினுள் ஒடுக்கிக்கொள்வதுபோல் ஐம்புலன்களையும் அடக்குதல் வேண்டும் என வள்ளுவர் கூறும் இடம் வரும்போதெல்லாம், கைகளை மார்போடு சேர்த்துத் தலையைத் தாழ்த்தி நடித்துக் காட்டுவேன். மாணவர் சிரிப்பர். உயிருள்ள ஆமை ஒன்றை அருகிருந்து பார்த்தே அறியேன் என்பதை மட்டும் அவர்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

2008ஆம் ஆண்டில், தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பில் பயின்ற என் மகள் மீன் கடையிலிருந்து ஆமைக்குஞ்சு ஒன்றை வாங்கி வந்தாள். தேநீர்க் கோப்பைக்குள் அடங்கிவிடும் அளவு. கண்ணுக்குப் பின்னே குங்குமத்தால் இழுத்தாற்போன்ற ஒரு கோடு. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கைத் தாயகமாகக் கொண்ட சிவப்புக் காது ஆமை அது. சிங்கப்பூர் வீடுகளில் வளர்க்க அனுமதியுள்ள மிகச் சில ஊர்வனவற்றுள் ஒன்று. முத்து எனப் பெயரிட்டாள்.

தொட்டியருகே நான் கையை நீட்டியதும் முத்து தலையையும் கால்களையும் உள்ளிழுத்துக்கொண்டது; ‘ஸ்ஸ்’ என்றோர் ஒலியும் எழுந்தது. “சீறுகின்றது, கையை எடுங்கள்” என்றாள் என் மனைவி. நானோ என் குறளைக் கண்ணாரக் கண்டுவிட்ட களிப்பில் இருந்தேன். இருவர் எண்ணியதும் பிழை. கழுத்தும் கால்களும் உள்ளே புகும்போது ஓட்டினுள் இடம் போதாமல் நுரையீரலின் காற்று வெளியே தள்ளப்படுகின்றது; அதன் ஓசையே அது. அங்கிருந்தது அடக்கமும் அன்று, சினமும் அன்று, வெறும் அச்சம். பாறைபோன்ற என் கையைக் கண்டு அஞ்சிய ஒரு சிற்றுயிரை நான் முனிவராக்கிப் பார்த்திருக்கின்றேன்.

நாளடைவில் அதன் அச்சம் தெளிந்தது. விளக்கொளியின் கீழ்க் கல்லின்மேல் ஏறி, கழுத்தை நீட்டி, பின்னங்கால்களைப் பின்னே நீட்டி, விரல்களை விசிறிபோல் விரித்துக் கிடக்கும். உடலெங்கும் வெப்பம் ஏறவேண்டும் என்பதற்காகவே அப்படிக் கிடக்கும். பகைக்கு அஞ்சும் ஆமை அவ்வாறு கிடப்பதில்லை. நாங்கள் அறையினுள் நுழைந்தால் கண்ணாடியருகே நீந்தி வந்து கால்களை அடித்துக்கொள்ளும். பாசம் என்று நான் நெகிழ்வேன். “உங்கள் முகத்தைப் பார்த்து வரவில்லை, கையிலுள்ள தீனி டப்பாவைப் பார்த்து வருகின்றது” என்பாள் மனைவி. அவள் கூற்றே பெரிதும் உண்மை.

2016ஆம் ஆண்டில் முத்து சாப்பாட்டுத் தட்டளவு வளர்ந்திருந்தது. அவ்வாண்டின் இடையில் அதன் போக்கு மாறியது. தீனியைத் தொடவில்லை. இரவெல்லாம் கண்ணாடிச் சுவரில் ஏற முயன்று விழுந்தது. எடுத்துத் தரையில் விட்டால் மூலைக்கு மூலை அலைந்தது. வந்திருந்த உறவினர் ஒருவர், “அது விடுதலை கேட்கின்றது, நீர்த்தேக்கத்தில் விட்டுவிடு, புண்ணியம்” என்றார். கூண்டுக்கிளியைப் பற்றி எத்தனை கட்டுரைகளைத் திருத்தியிருப்பேன்! அச்சொல் என் நெஞ்சில் எளிதாய்த் தைத்தது. ஒரு வாளியில் முத்துவை வைத்து மின்தூக்கி வரை சென்றுவிட்டேன்.

பதினேழு வயதாகியிருந்த மகள் ஓடி வந்து வாளியைப் பற்றிக்கொண்டாள். “அது என்ன சொல்கின்றது என்று கேட்காமலேயே அனுப்புகிறீர்களா, அப்பா?” என்றாள். சமையலறையில் பரப்பியிருந்த செய்தித்தாளின்மேல் முத்து முன்னங்கால்களால் அன்று, பின்னங்கால்களால், ஒன்றுமாற்றி ஒன்றாகத் தோண்டுவதை அவள் கண்டிருந்தாள். நானும் அந்தக் காட்சியைக் கண்டவன்தான்.

கால்நடை மருத்துவர் எடுத்த ஊடுகதிர்ப் படத்தில் எட்டு வெண்ணிற நீள்வட்டங்கள் தெரிந்தன. ஆண் துணை இல்லாமலேயே பெண்ணாமை கருவுறாத முட்டைகளை இடுவதுண்டாம். அதற்குத் தோண்டத்தக்க மண் வேண்டும். மண் கிடைக்காமல் முட்டைகளை உள்ளேயே தேக்கிவைத்தால் உயிருக்கே கேடு. எட்டு ஆண்டுகளாகத் தண்ணீரும் கல்லுமே தந்தோம். ஒரு பிடி மண் தரவில்லை. நீர்த்தேக்கத்தில் விடுவது சட்டப்படி குற்றம் என்பதையும், வீட்டில் வளர்ந்தவற்றுள் பல அங்கே பிழைப்பதில்லை என்பதையும், பிழைப்பவை இந்நாட்டு ஆமைகளின் இரைக்கும் இடத்திற்கும் போட்டியாகின்றன என்பதையும் மருத்துவர் கடியாமல் எடுத்துரைத்தார். கடிந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாய் இருந்திருக்கும்.

பெரிய நெகிழித் தொட்டியில் ஈர மணலை நிரப்பி, விளக்கை அணைத்து வைத்தோம். மூன்றாம் இரவு, இருளில் மணல் சரியும் ஓசை கேட்டது. நாங்கள் மூவரும் மூச்சடக்கி நின்றோம். முத்து பின்னங்காலால் குழி பறித்தது, முட்டையிட்டது, அதே காலால் மணலை இழுத்து மூடியது. ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. காலையில் எண்ணினோம்: எட்டு. அன்று தீனியும் உண்டது. மின்தூக்கி வரை சென்ற அந்த வாளியை நான் பிறகு வேறெதற்கும் பயன்படுத்தவில்லை.

மறுமாதம் வகுப்பில் அதே அதிகாரம் வந்தது. இம்முறை நடித்துக் காட்டவில்லை. முன்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “ஆமை ஏன் ஐயா தலையை உள்ளே இழுத்துக்கொள்கின்றது?” என்று கேட்டான். “வள்ளுவர் அதில் கண்ட கருத்து ஒன்று, ஆமைக்குள்ள காரணம் வேறொன்று. முதலில் ஆமையைப் பார்ப்போம்” என்று தொடங்கினேன். மணி அடித்துவிட்டது. ஒருவனும் எழுந்து போகவில்லை.