தாத்தா சொன்ன வரி: புதுப்பட்டினம் முதல் வெலிங்டன் வரை

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆகிவிட்டால் எங்கள் வீட்டில் என் போனை யாரும் தொடமாட்டார்கள். முழுதாக சார்ஜ் ஏற்றி, டவர் நன்றாகக் கிடைக்கும் ஜன்னல் திட்டில் வைத்துவிடுவேன். எந்த நிமிடம் மணி அடிக்கும் என்று தெரியாது. அடித்தால் ஐந்து நிமிடம் பேசலாம். சில வாரம் அதுவும் கிடையாது. நீலகிரி மலைமேல் வெலிங்டனில் ராணுவப் பயிற்சியில் இருந்த மகனோடு ஏழு மாதம் இப்படித்தான் பேசினோம்.

புதுப்பட்டினம் என்றால் பலருக்குத் தெரியாது. கல்பாக்கம் என்றால் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டித் தெற்கே வந்தால், அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பை ஒட்டி இருக்கும் கடைத்தெரு ஊர் எங்களுடையது. பக்கத்திலேயே சதுரங்கப்பட்டினம். அங்கே டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. கோட்டைக்குள் அவர்களின் கல்லறைகளும் இருக்கின்றன. சின்ன வயதில் மகனை அங்கே கூட்டிப்போனபோது, "இவங்க ஊர்ல இருக்கிற அம்மாவுக்கெல்லாம் எப்படித் தகவல் போயிருக்கும்?" என்று கேட்டான். "கப்பல்லதான். போய்ச் சேர மாசக்கணக்கா ஆகும்" என்றார் என் மாமனார்.

அந்தக் கோட்டைக்கு முன்னால் உள்ள மணலில்தான் பின்னாளில் அவன் ஓடிப் பழகினான். அக்னிவீர் ஆள்சேர்ப்பில் 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால்தான் முழு மதிப்பெண். இருட்டோடு எழுந்து அவன் ஓட, மாமனார் கரையில் உட்கார்ந்து வாட்சைப் பார்ப்பார். அவர் நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். பேரன் கடலுக்குப் போகாமல் மலைக்குப் போகிறான் என்பதில் அவருக்கு வருத்தமா, பெருமையா என்று கடைசிவரை சொல்லவில்லை.

2022 ஜூன் 14 அன்று மத்திய அரசு அறிவித்த அக்னிபத் திட்டத்தில் பணி நான்கு வருடம். அதன் பிறகு அதிகபட்சம் நான்கில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். இதையெல்லாம் பேசி முடித்துத்தான் அனுப்பினோம். ஒரு ஐப்பசி மழையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் 31 வாரப் பயிற்சி.

ஐந்து நிமிடத்தில் என்ன பேசுவது?

முதல் ஞாயிறு வந்த அழைப்பை நான் வீணடித்தேன். "சாப்டியா? குளுருதா? இளைச்சுட்டியா?" என்று கேட்டதையே கேட்டேன். "நல்லா இருக்கேன்மா" என்றான் எல்லாவற்றுக்கும். பின்னால் அடுத்த பையன்கள் தங்கள் முறைக்காக நிற்கும் சத்தம் கேட்டது. லைன் கட்டானதும்தான் அவன் அப்பாவிடமும் தங்கையிடமும் போனைக் கொடுக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. தங்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். ஆளுக்கு ஒரு நிமிடம். மாமனார் மட்டும் தூரத்துப் படகைக் கூப்பிடுகிற மாதிரி கத்துவார்.

பக்கத்துத் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். அவர் கணவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் சொன்னார்: "லெட்டர் போடும்மா. போன் பேச்சு அஞ்சு நிமிஷத்துல தீர்ந்துடும். லெட்டர்னா தலகாணிக்கு அடியில கிடக்கும். மனசு கஷ்டமா இருக்கற ராத்திரியில எடுத்துப் படிப்பான்."

தபால் ஆபீஸில் போய் இன்லண்ட் லெட்டர் கேட்டேன். ஒன்று இரண்டரை ரூபாய். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது என் கல்யாணத்துக்கு முன்பு. முகவரியில் அவனுடைய நம்பர், பெயர், கம்பெனி, ரெஜிமென்ட் மையம், வெலிங்டன், நீலகிரி, பின்கோடு என்று எல்லாம் சரியாக இருக்க வேண்டும். நம்பரில் ஓர் எண் மாற்றி எழுதியதால் என் முதல் கடிதம் அவனைத் தேடிக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது.

என்ன எழுதுவது என்று முதலில் திகைப்பாக இருந்தது. பிறகு வீட்டில் நடப்பதையே எழுதினேன். பூனை குட்டி போட்டது, தங்கை கணக்கில் வாங்கிய மார்க், வலையில் ஆமை மாட்டி அவன் அப்பா அறுத்து விட்டது. முடிக்கும் முன்பு மாமனாரிடம் கேட்பேன். அவர் வாசலில் இருந்தபடியே ஒரு வரி சொல்வார். "வாடை பலமா இருக்கு, போட்டு இறக்கல." அல்லது, "வாடை தணிஞ்சுது, சங்கரா பரவால்ல." அதை அப்படியே எழுதுவேன். எல்லாக் கடிதத்துக்கும் அதுதான் கடைசி வரி.

நான் எழுதிய பொய்

மாசியில் ஒருநாள் விடிகாலை மாமனாருக்கு நெஞ்சுவலி. திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பத்து நாள் இருந்தார். முதல் மூன்று நாள் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள்.

மகனுக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தோம். பயிற்சியில் இருக்கிற பிள்ளை, மனசு உடைந்துவிடும், லீவு கேட்டு நின்றால் பயிற்சி தடைப்படும் என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னோம். ஞாயிறு போன் வந்தபோது, "தாத்தா கடலோரம் போயிருக்காரு" என்றேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். கடைசி வரிக்கு வந்ததும் கை நின்றது. வெறுமையாக விட்டால் கண்டுபிடித்துவிடுவான். நானே எழுதினேன்: "கடல் நல்லா இருக்கு. நெத்திலி நிறைய கிடைச்சுது."

அடுத்த ஞாயிறு போன் எடுத்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, அந்த வரிய நீதான எழுதின? தாத்தாவுக்கு என்ன?"

எனக்கு வாய் வரவில்லை. அவனே சொன்னான்: "தாத்தா என்னைக்குமா 'கடல் நல்லா இருக்கு'ன்னு சொல்லியிருக்காரு? காத்து பேரச் சொல்லாம அவரால பேச முடியுமா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பின்னால் நின்ற பையன்களும் அவசரப்படுத்தவில்லை. பிறகு சொன்னான்: "மறைக்காதம்மா. ஒண்ண மறைச்சேன்னா, அப்புறம் நீ நல்லா இருக்கோம்னு சொல்றப்பல்லாம் எனக்குச் சந்தேகமா இருக்கும். ஓடறப்பவும் அதே நெனப்பா இருக்கும்."

அதோடு முடியவில்லை. அவனும் ஒன்றை மறைத்திருந்தான். தை மாதத்தில் முழங்கால் வீங்கிப் பல நாள் எம்.ஐ. ரூமுக்குப் போய் வந்திருக்கிறான். குணமாகாவிட்டால் அடுத்த பேட்ச்சோடு சேர்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் ராத்திரியெல்லாம் தூங்கவில்லையாம். அந்த வாரங்களிலும் எங்களிடம் "நல்லா இருக்கேன்மா" என்றுதான் சொல்லியிருக்கிறான். இருவரும் நல்ல எண்ணத்தோடுதான் பொய் சொன்னோம். அந்த வாரங்களில் அவனும் தனியாக இருந்தான், நாங்களும் தனியாக இருந்தோம்.

புதன்கிழமை உஸ்தாதிடம் விஷயத்தைச் சொல்லி, அனுமதி வாங்கி மறுபடி பேசினான். மாமனார் காதில் போனை வைத்தேன். அன்று அவர் கத்தவில்லை. "கொண்டல் காத்து அடிக்குதுடா" என்றார் மெதுவாக. ஆஸ்பத்திரி வார்டில் அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை.

மலை ஏறிய நாள்

வைகாசி முடிகிற சமயம் கசம் பரேடு. பயிற்சி முடித்தவர்கள் உறுதிமொழி எடுத்து முழுச் சிப்பாயாகும் நாள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மாமனாரையும் அழைத்துப்போனோம். சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து 7.10 மணிக்கு மலை ரயில். இதற்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிட வேண்டும். கிடைக்காவிட்டால் பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு பஸ் இருக்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிவரை 46 கிலோமீட்டர், 16 குகைகள், 208 வளைவுகள். குன்னூர்வரை 1899-லும் ஊட்டிவரை 1908-லும் வந்த பாதை இது. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பற்சக்கரப் பாதை ஆரம்பிக்கிறது. நீராவி எஞ்சின் பின்னால் இருந்து பெட்டிகளைத் தள்ளுகிறது. "கரையில இருந்து போட்டத் தள்ளற மாதிரியே இருக்கு" என்றார் மாமனார்.

குன்னூருக்கு அடுத்த ஸ்டேஷன் வெலிங்டன். வெல்லிங்டன் பிரபுவின் பெயர். அவர் 1803-ல் மராட்டியர்களோடு மோதிய அசாயே போரில் மெட்ராஸ் படைகள் அவர் தலைமையில் சண்டை போட்டன. ரெஜிமென்ட் சின்னத்தில் யானை இருப்பது அந்தப் போரின் நினைவாக. 1758-ல் ஆரம்பித்த ரெஜிமென்ட் இது. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் என்று நான்கு மொழிப் பையன்களும் இங்கே ஒரே பாரக்கில் தூங்கி எழுகிறார்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் ஆதார் அட்டையின் அசலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர் அவசியம். எங்கே போட்டோ எடுக்கலாம், எங்கே கூடாது என்று கேட்டுக்கொண்டு எடுங்கள்.

பரேடு மைதானத்தில் எல்லோரும் ஒரே உயரம், ஒரே நடை, ஒரே முடிவெட்டு. என் பிள்ளையை என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. தேசியக் கொடிக்கு முன்பு அவரவர் புனித நூலின் மீது உறுதிமொழி எடுத்தார்கள். "வீர மதராசி! அடி கொல்லு, அடி கொல்லு!" என்ற முழக்கம் மலையில் மோதித் திரும்பி வந்தது. பக்கத்தில் ஒரு கேரளத்து அம்மா அழுதுகொண்டே சிரித்தார். பாஷை புரியாமலேயே ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

முடிந்ததும் அவனே எங்களைத் தேடி வந்தான். கறுத்து, கன்னம் ஒட்டி, ஆனால் நிமிர்ந்து. நேராகத் தாத்தாவிடம் போய்க் காலைத் தொட்டான். "இன்னைக்கு என்ன காத்து தாத்தா?" என்றான். மாமனார் மூடுபனியைச் சுற்றிப் பார்த்தார். "இந்த ஊர்க் காத்து எனக்குப் பிடிபடலடா. நீதான் சொல்லணும்" என்றார்.

அவுட் பாஸ் வாங்கிக்கொண்டு வந்தவனோடு குன்னூர் சிம்ஸ் பூங்காவில் மாலைவரை உட்கார்ந்திருந்தோம். அவன் சட்டைப்பையில் என் இன்லண்ட் லெட்டர்களில் ஒன்று நாலாக மடிந்து இருந்தது. நான் பொய் எழுதிய கடிதம்தான். "இத ஏண்டா வச்சிருக்க?" என்றேன். "அன்னைக்குத்தாம்மா நாம ஒழுங்கா பேசினோம்" என்றான்.

இப்போது அவன் வடக்கே இருக்கிறான். எங்கே என்று முகவரியில் இருக்காது. நம்பர், பெயர், யூனிட், கீழே '56 ஏ.பி.ஓ.' என்று மட்டும் எழுத வேண்டும். அது டெல்லி வழியாகப் போகும். கிழக்குப் பகுதிக்கு '99 ஏ.பி.ஓ.', கல்கத்தா வழி. இப்போது அடிக்கடி போன் பேசுகிறான், வீடியோவிலும் வருகிறான். ஆனாலும் மாதம் ஒரு கடிதம் எழுதுகிறேன்.

போன வாரம் எழுதியதில் மாமனாரின் வரி: "வாடை இன்னும் வரல. முட்டி வலிக்குது, மாத்திரை போட்டேன். மறைக்கல."