அம்மா வீட்டுக்கு 55 கிலோமீட்டர்!

காலை 7.30 மணி. கீரனூரில் ஒரு டீக்கடை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு கணவருக்கு போன் செய்தார் அவர். ''கார் எடுத்துட்டு வர்றீங்களா? இதுக்கு மேல முடியலை.''

திருச்சியில் இருந்து புதுக்கோட்டையில் உள்ள அம்மா வீட்டுக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை சைக்கிளிலேயே போய்விட வேண்டும் என்பது 41 வயதில் அவருக்கு வந்த ஆசை. மூன்று மாதங்கள் தினமும் காலையில் ஓட்டிப் பழகினார். அன்று பாதி வழியைத் தாண்டியபோது கால்கள் தெம்பாகவே இருந்தன, மூச்சும் வாங்கவில்லை. ஆனால், இரண்டு சுண்டுவிரல்களும் மரத்துப்போய்விட்டன. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இன்னொரு வலியை வெளியே சொல்லவும் முடியவில்லை.

அது கணவரின் நண்பர் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுக் கொடுத்த ரோடு சைக்கிள். நல்ல சைக்கிள்தான். சர்வீஸுக்கு விட்ட இடத்தில் வலியைப் பற்றி லேசாகச் சொல்லிப் பார்த்தார். ''பழகிட்டா சரியாகிடும் மேடம்'' என்றார்கள். கணவரும் அதையேதான் சொன்னார். தனக்குத்தான் வயதாகிவிட்டது என்று அவரும் நம்பத் தொடங்கியிருந்தார்.

அன்று இரவு போனில் அம்மாதான் கேட்டார், ''எங்கடி வலிக்குது?''

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. எல்லாவற்றையும் சொன்னார். அம்மா ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, ''அது ஆம்பளைக்கு வாங்குன வண்டிதானே? உங்கப்பா சைக்கிளை ஓட்டினப்போ எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. தினமும் காலையில நான் சீட்டை இறக்குவேன், அவர் திரும்ப ஏத்துவார். ஒரே சண்டை'' என்றார்.

அம்மா சைக்கிள் பழகியது 1991-ல். புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த காலம். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதில் பெரிய ஆர்வம் காட்டினார். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததால் ஆண்கள் சைக்கிளையும் ஓட்டினார்கள். நடுவில் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பி எடுத்தவர்களும் உண்டு. அந்த பாரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன 7 வயதுச் சிறுமிதான் இப்போது கீரனூரில் நின்றுபோனவர்.

''உனக்கு எது தோதோ அதை வாங்கு. ஆம்பளை வண்டி, பொம்பளை வண்டின்னெல்லாம் பார்க்காதே'' என்று முடித்தார் அம்மா.

ஒரு ஸ்டூலும் அட்டையும்

அடுத்த வாரம் திருச்சியில் வேறொரு கடைக்குப் போனார். அங்கே அளவு பார்த்த பெண், நெடுந்தூர 'பிரெவே' சவாரிகளுக்குப் போகிறவர். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடங்களுக்குள் முடிக்க வேண்டிய சவாரி அது. ''அவ்வளவு நேரம் உட்காரணும்னா வலியைப் பொறுத்துக்கிட்டு ஓட்ட முடியாதுக்கா'' என்றவர், முதலில் ஒரு ஸ்டூலில் அட்டைப்பெட்டி அட்டையைப் போட்டு உட்காரச் சொன்னார். எழுந்ததும் அட்டையில் இரண்டு குழிகள். இடைவெளி 13 சென்டிமீட்டர். நாம் உட்காரும்போது எடையைத் தாங்கும் இடுப்பு எலும்புகளின் இடம் அது. சீட் அதைவிட 2, 3 சென்டிமீட்டர் அகலமாக இருக்க வேண்டும். பழைய சீட்டின் அகலமோ 13.5 தான். எலும்பு தாங்க வேண்டிய எடையை மென்மையான சதை தாங்கியிருக்கிறது. மெத்தை போன்ற சீட்டும் தீர்வு இல்லை. தூரம் போகப் போக எலும்பு உள்ளே அமிழ்ந்து, சதையில்தான் அழுத்தம் கூடும். ஓரளவு கெட்டியான, நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட் நல்லது.

சுண்டுவிரல் மரத்ததற்குக் காரணம் ஃபிரேம். 5 அடி 1 அங்குல உயரத்துக்கு 52 சைஸ் பெரியது. ஹேண்டில்பார் எட்டாமல் உடல் முன்னால் சாய, எடை முழுக்க உள்ளங்கையில் இறங்கி நரம்பை அழுத்தியிருக்கிறது. 'எண்டூரன்ஸ்' ரக சைக்கிளில் ஹேண்டில்பார் சற்று உயரமாகவும் கிட்டவும் இருக்கும். அதில் சிறிய சைஸைத் தேர்ந்தெடுத்தார்கள். தோள் அகலத்துக்கு ஏற்ப 44 சென்டிமீட்டர் ஹேண்டில்பாருக்குப் பதில் 38. பிரேக் பிடியை விரலுக்கு எட்டும்படி உள்ளே தள்ளி வைத்தார்கள். டயர் 25 மில்லிமீட்டரில் இருந்து 32 ஆனது. அகல டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தே வைக்கலாம். அதிர்வு குறையும்.

''லேடீஸ் மாடல் இல்லையா?'' என்று கேட்டார். ''சில கம்பெனிங்க தனியா பண்றாங்க. நிறைய பேர் ஒரே ஃபிரேமைச் சின்ன சைஸ்லயும் கொடுக்குறாங்க. பேரைப் பார்க்காதீங்க, அளவைப் பாருங்க'' என்றார் அந்தப் பெண். பேட் வைத்த ஷார்ட்ஸுக்கு உள்ளே வேறு உள்ளாடை வேண்டாம், தையல் உரசும் என்பதையும் மறக்காமல் சொல்லி அனுப்பினார்.

பழையதை விற்ற பணத்தோடு ஏலச்சீட்டுப் பணமும் சேர்ந்தது. ''இருக்கிறதே போதாதா?'' என்றார் கணவர். ''அது என் அளவு இல்லைங்க'' என்று மட்டும் சொன்னார்.

இரண்டு மாதங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. கீரனூரில் அதே கடையில் ஒரு டீ. பிறகு மீண்டும் பெடல். 9 மணிக்கு முன்பே அம்மா வீட்டு வாசல். கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், திரும்பியது.

அம்மா சைக்கிளைச் சுற்றி வந்தார். கட்டைவிரலால் சீட்டை அழுத்தினார். ''இவ்வளவு கெட்டியா இருக்கே... வலிக்கலையா?''

''இல்லம்மா.''

''உன் வீட்டுக்காரர் ஓட்டுவாரா இதை?''

''அவருக்குச் சரிப்படாதும்மா. முட்டி இடிக்கும்.''

அம்மா சிரித்துவிட்டார். ''நல்லதாப் போச்சு. சீட்டை யாரும் ஏத்த மாட்டாங்க. வா, இட்லி ஆறுது!''