உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி

பாலக்காட்டுக் கணவாயின் காற்றில் நெல்வயல்கள் அலைபாயும் ஊர் எலப்புள்ளி. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் எல்லைச் சீமை அது. வரப்பிலும் சேற்றிலும் நம் முன்னோர் வெறுங்காலோடு நடந்தனர். உள்ளங்காலில் கருமை தென்பட்டால் முள் குத்திய தழும்பு என்பர். பெரும்பாலும் அஃது உண்மையே.

அண்மையில் ஊர் சென்றிருந்தபோது எம் பெரியம்மாவின் உள்ளங்காலில் அத்தகைய புள்ளியொன்றைக் கண்டோம். சிறு துண்டெடுத்துச் சோதித்த மருத்துவர், தீங்கற்றது என்றார். முடிவுக்காகக் காத்திருந்த நாள்களில் யாம் கற்றவற்றை இங்கே பகிர்கிறோம்.

தோற்புற்று வெள்ளையரின் நோய் என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. நம் தோலின் கருநிறமி கதிரவனின் புறஊதாக் கதிர்களை ஓரளவு தடுப்பது மெய்தான். ஆயினும் மெலனோமா என்னும் கொடிய புற்று, வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் தோன்றக்கூடும். பாடகர் பாப் மார்லி 1981-இல் தம் 36-ஆம் வயதில் மறைந்தது, கால்விரல் நகத்தடியில் தோன்றிய இப்புற்றினால்தான்.

உடலுக்குள் காவலர் இல்லையோ? உண்டு. டி-அணுக்கள் என்னும் வெள்ளணுக்கள் புற்றணுவை இனங்கண்டதும், சைட்டோகைன் என்னும் நுண்புரதங்களைத் தூது விடுக்கின்றன. அவற்றுள் ஒன்றான காமா இன்டர்பெரான், புற்றணுவின் அடையாளத்தை வெளிப்படுத்தச் செய்கிறது. வியப்பு யாதெனில், அதே தூதைக் கேட்ட புற்றணு பி.டி.எல்-1 என்னும் புரதத்தையும் மேற்பரப்பில் உயர்த்துகிறது. அது காவலணுவின் பி.டி-1 என்னும் தடையை அழுத்த, காவலன் சோர்கிறான். சுற்றியுள்ள திசுக்களையும் புற்று தன்வயப்படுத்துகிறது, டி.ஜி.எப்-பீட்டா போன்ற தூதுகள் காவலரை வெளியிலேயே நிறுத்திவிடுகின்றன. களையை மட்டுமன்றி மண்ணையும் நீரையும் நோக்கும் உழவரின் அறிவே இங்கும் வேண்டப்படுகிறது.

இத்தடைகளை நீக்கும் வழி கண்ட ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோஞ்சோ இருவரும் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர். அவ்வழியில் வந்த மருந்துகள் முற்றிய மெலனோமா நோயாளர் பலரின் வாழ்நாளை நீட்டித்துள்ளன. ஆனால் உள்ளங்கால் புற்றில் மரபணு மாற்றங்கள் குறைவு. காவலர் இனங்காணும் அடையாளங்களும் குறைவு. ஆதலின் வெயிலால் விளையும் மெலனோமாவில் கிட்டும் அளவு பயன் இதில் கிட்டுவதில்லை. தொடக்கத்திலேயே கண்டு அறுத்தெடுப்பதே இன்றும் தலையாய மருத்துவம்.

1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையமும், 1981-இல் தோன்றிய திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும் நம் மக்களுக்கு எட்டும் தொலைவில் உள்ளன. அங்கே உரிய காலத்தில் செல்வதற்கு, முதலில் ஒருவர் பார்த்துச் சொல்லவேண்டும்.

கடல் கடந்து வாழும் நாம், ஊர் செல்லும்போதெல்லாம் பெரியோரின் பாதம் தொட்டு வணங்குகிறோம். இனி அப்பாதங்களைச் சற்றே திருப்பியும் பார்ப்போம். வளரும் புள்ளி, ஒழுங்கற்ற விளிம்பு, பல நிறம், ஆறாத புண் ஆகியவற்றுள் ஒன்று தென்படினும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அதுவும் வணக்கத்தின் ஒரு பகுதியே.