கத்ரி வந்த இரவு

தார்த்து, எஸ்டோனியா

அன்புள்ள திருப்பூர் சொந்தங்களுக்கு,

நவம்பர் கடைசியில் இங்கே மத்தியானம் மூன்றரைக்கே பொழுது இறங்கிவிடுகிறது. 24-ஆம் தேதி பக்கத்து வீட்டுப் பாட்டி கம்பளிக் கையுறை பின்னிக்கொண்டிருந்தார். கட்டைவிரல் மட்டும்தான் பாக்கி. அரை மணி நேரம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். ஆனால் இருட்டியதும் ஊசிகளில் நூலைச் சுற்றிக் கூடையில் வைத்து மூடிவிட்டார். "இனி நாளை மறுநாள்தான்" என்றார்.

மறுநாள் கத்ரி நாள். நவம்பர் 25, அலெக்சாந்திரியாவின் புனித கத்தரீனாளுக்குரிய திருநாள். பெயர் திருச்சபை தந்தது. வழக்கமோ ஆட்டுப்பட்டியில் வளர்ந்தது. எஸ்டோனியக் குடியானவர்களுக்குக் கத்ரி ஆடுமாடுகளைக் காப்பவள், முக்கியமாகச் செம்மறிகளை. அதனால் அன்று ரோமம் கத்தரிக்கக் கூடாது, நூல் நூற்கக் கூடாது. சில இடங்களில் பின்னுவதும் தைப்பதும்கூட ஆகாது. மீறினால் ஆட்டுக்குக் கேடு என்று நம்பினார்கள். நவம்பர் 10-இல் வரும் மார்ட்டின் நாள் ஆண்களுக்கும் வயலுக்கும் உரியது. கறுப்பும் கந்தலுமாக வேஷம் கட்டுவார்கள். கத்ரி பெண்களின் நாள். வெள்ளை உடுத்துகிறார்கள்.

அந்த 24-ஆம் தேதி இரவே பாட்டி வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வெள்ளைத் துணி போர்த்திய ஏழெட்டுப் பிள்ளைகள், முன்னால் 'கத்ரி அம்மா'. வெகுதூரம் நடந்து வந்தோம், விரல் விறைக்கிறது, உள்ளே விடுங்கள் என்று பாட்டாகவே கேட்டார்கள். நுழைந்ததும் தானியத்தைத் தரையில் இறைத்து, வீடு செழிக்க வாழ்த்தி, விடுகதை போட்டார்கள். பாட்டி ஆப்பிளும் மிட்டாயும் கொடுத்தார். முன்காலத்தில் கம்பளியே கொடுப்பார்களாம்.

எனக்கு நம் பட்டிப் பொங்கல்தான் கண்ணில் நின்றது. சாணத்தில் தெப்பக்குளம் கட்டி, நீர் விட்டு, பூப் போட்டு, காங்கேயம் மாட்டை மிதிக்க விடுவோமே, அந்தச் சாயங்காலம். அதற்கு மறுநாள் பூப்பறிக்கிற நோம்பி. கொங்கு நாட்டில் பெண்பிள்ளைகளுக்கென்றே இருக்கிற நாள் அது: முறுக்கும் கரும்பும் கட்டிக்கொண்டு கூட்டமாகப் போய், ஆவாரம்பூ பறித்து, கும்மியடித்துத் திரும்புவது.

அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தார். ஒரு வருஷம் ஷிப்மெண்ட் அவசரம் என்று நோம்பியன்றே ஷிப்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் பறித்து வந்த பூவை ராத்திரி அவர் வாங்கினபோது அது வாடியிருந்தது. பிசிர் வெட்டிய விரல்களில் பஞ்சு ஒட்டியிருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அது எனக்கு ஆறவில்லை.

பாட்டி 26-ஆம் தேதி காலையில் கட்டைவிரலை முடித்துவிட்டார். ஒரு நாள் நின்றதில் கையுறைக்கு எந்தக் குறையும் இல்லை.

கம்பெனி நடத்துகிற அண்ணன்மாரே, பவர்டேபிள் எடுத்திருக்கிற அக்காமாரே, வருகிற தையில் பூப்பறிக்கிற நோம்பியன்று பெண்களை வேலைக்குக் கூப்பிடாதீர்கள். ஆவாரம்பூ பூத்திருக்கும்போதே அவர்கள் போய்ப் பறித்து வரட்டும்.