முற்றத்தில் ஒரு கொள்கலன்

வீடு என்பது மனிதர் வசிப்பதற்காகக் கட்டப்படுவது என்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டு ஆனி மாதத்திலே, கறையான் அரித்த கூரை மரங்களை மாற்றுவதற்காக வந்த தச்சர் எமது அறைகளை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது வீடல்ல, களஞ்சியம். சாமான்களை வெளியே எடுத்தால்தான் ஓட்டிலே கை வைக்கலாம்" என்று கூறியபோது, அவ்வெண்ணம் பிழையென்பது விளங்கிற்று.

எமது வீடு திருகோணமலை உட்துறைமுக வீதியை அண்டிய ஓர் ஒழுங்கையில் உள்ளது. அப்பப்பா கடற்படைத் தளத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். பிரித்தானியர் 1957ஆம் ஆண்டு தளத்தைக் கையளித்துப் புறப்பட்டபோது, ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் அவர் வாங்கிய தேக்கு அலுமாரியே எமது வீட்டுக் குவியலின் மூலவர். அதன் பின் பரிவார தேவதைகள் ஒவ்வொன்றாக எழுந்தருளின. ஊசியில்லாத தையல் இயந்திரம், காலொடிந்த சாய்மனைக் கதிரை, நான்கு அரிக்கன் லாம்புகள். லாம்புகளை எறிந்துவிடலாமென்று நாம் ஒருமுறை கூறியதுண்டு. 2022 மார்ச் மாதத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நின்ற பிறகு, அந்தப் பேச்சை எமது இல்லாள் எடுக்கவிடுவதில்லை.

ஊரின் இயல்பே அதுதான் போலும். சீனன்குடாப் பக்கத்திலே பிரித்தானியர் கட்டிவைத்த எண்ணெய்க் குதங்கள் 99 நிற்கின்றன. அவற்றிலே பெரும்பாலானவை பல்லாண்டுகள் வெறுமையாகவே கிடந்தன. 2022இல்தான் 61, 24, 14 என்று கணக்கிட்டு அவற்றை யார் யார் நடத்துவதென்று ஒப்பந்தம் எழுதினார்கள். வெறுங்கலங்களுக்கே இத்தனை காலம் வேண்டுமாயின், நிறைந்த வீட்டை ஒழிக்க எத்தனை காலம் வேண்டும்?

நிற்க. எமது இடரைக் கேட்ட மருமகன், "மாமா, ஒரு கொள்கலனை மாத வாடகைக்கு எடுத்து முற்றத்தில் வைத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் அவர்களே வந்து தூக்கிக்கொண்டு போவார்கள்" என்றான். கப்பற் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டிக்கும் எமது முற்றத்துக்கும் என்ன உறவு என்று முதலில் நகைத்தோம். ஆனால் இது புதுமையன்று. 1956 ஏப்ரல் 26ஆம் நாள் அமெரிக்காவின் நியூவார்க் துறையிலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் 58 கொள்கலன்களுடன் ஹியூஸ்டன் நகருக்குப் புறப்பட்டதோடு சரக்குப் போக்குவரத்தின் முறையே மாறிற்று. அதே நாட்டின் புளோரிடா மாநிலத்திலே 1998இல் தொடங்கிய நிறுவனம் ஒன்று, நடமாடும் பெட்டிகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து வாடகைக்கு விடுவதைப் பெருந்தொழிலாக்கியது.

உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றின் கரையிலே வாழும் எமக்கு அந்தப் பெட்டி கடல்வழியாக வரவில்லை என்பதுதான் வேடிக்கை. நாட்டின் கொள்கலன் கப்பல்கள் கொழும்பை நாடுவன. ஆதலால் எமது கொள்கலனும் கொழும்புப் பக்கத்திலிருந்து தரைவழியாக, பாரந்தூக்கி பூட்டிய லொறியொன்றில் வந்து சேர்ந்தது. நீளம் 20 அடி, அகலம் 8 அடி, உயரம் எட்டரை அடி. வெறுமையாகவே இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட நிறை. ஒழுங்கைப் பிள்ளைகள் யாவரும் அன்று பள்ளிக்கூடத்துக்குப் பிந்தியே போயினர்.

பொருள்களை ஏற்றுவதிலே நாம் இரண்டு பிழைகள் செய்தோம். கொள்கலனுக்குக் கதவு ஒரு முனையில் மட்டுமே. முதலில் ஏற்றியது கடைசியில்தான் வெளிவரும். இடியப்ப உரல் முதலாவதாகவே உள்ளே போய்விட்டபடியால், இரண்டாம் நாள் மாலை பாதிப் பெட்டியை இறக்கவேண்டியதாயிற்று. மற்றப் பிழை சிரிப்புக்குரியதன்று. கச்சான் காற்றும் வெயிலும் அடிக்கும் பகலிலே அவ்விரும்பு அடுப்புப்போற் காய்கிறது. மரத்திலும் துணியிலும் உள்ள ஈரம் ஆவியாகிறது. இரவில் கூரைத் தகடு குளிர்ந்ததும் அவ்வாவி நீராகிச் சொட்டுகிறது. குவியலின் உச்சியில் வைத்த எமது திருமண நிழற்பட ஏடு அவ்விதம் நனைந்து, தாளோடு தாள் ஒட்டிக்கொண்டது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான், உள்ளே மூலையிலிருந்த றங்குப்பெட்டி நினைவுக்கு வந்தது. எமது நெஞ்சு திடுக்கிட்டது. ஏனெனில் அஃது எமது பொருளன்று.

1990 ஜூன் மாதத்திலே போர் மறுபடியும் மூண்டபோது, அயல்வீட்டு அம்மையார் அந்தப் பெட்டியை எமது அன்னையாரிடம் ஒப்படைத்து, "அக்கா, ஒரு மாதம் வைத்திருங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்று கூறிக் குழந்தையுடன் புறப்பட்டார். தமிழகம் சென்றுவிட்டதாகப் பின்னர் அறிந்தோம். நாமும் சில கிழமைகள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது வானொலி போயிருந்தது, பெட்டி இருந்தது. 2004 டிசெம்பர் 26இல் கடல் பொங்கிய செய்தி பரவியதும் அன்னையார் முதலில் பரணில் ஏற்றுவித்தது அதனைத்தான். திறப்பு உரியவரிடமே இருந்தது. அன்னையார் கண்மூடும்வரை அந்தப் பூட்டைத் தொட்டவரில்லை.

இல்லாள் வகுத்திருந்த விதி எளியது. மூன்று மாதத்தில் ஒருமுறையாவது தேடிப் போகாத பொருள் வீட்டுக்குத் திரும்பக்கூடாது. அவ்விதிப்படி தையல் இயந்திரம் அயலிலே தையல் பழகும் பெண்ணுக்குப் போயிற்று. சாய்மனைக் கதிரை விறகாயிற்று. அலுமாரிக்கு மட்டும், அப்பப்பாவின் முகத்துக்காக, மன்னிப்புக் கிடைத்தது. றங்குப்பெட்டியின் முன்னே வந்தபோது அவரும் பேசாது நின்றார். முப்பத்து நான்கு ஆண்டுகளாக நாம் அதனைத் தேடவில்லை. ஆயினும் எறிவதற்கு நாம் யார்? அதிலும், எமது கவலையீனத்தால் உள்ளே நனைந்திருந்தால்?

மருமகன் முகநூலிலே தேடி, அயலவர் இருவரையும் விசாரித்து, ஒன்பதாம் நாள் ஓர் எண்ணைக் கொண்டுவந்தான். அம்மையார் இறந்துவிட்டார். மகள் திருச்சிராப்பள்ளியில் இருக்கிறார். நாம் யாரென்று சொல்லி, பெட்டி இருக்கிறதென்றும் சொன்னோம். சற்று நேரம் மறுமுனையில் ஓசையில்லை. "அண்ணா, அது இன்னும் இருக்கிறதா? திறப்பு அம்மாவோடு தொலைந்துவிட்டது. நீங்களே உடைத்துப் பாருங்கள், நானும் பார்க்கிறேன்" என்றார்.

கைத்தொலைபேசியில் அவர் முகம் தெரிய, தச்சரைக் கொண்டு பூட்டை உடைத்தோம். மேலே பொடியாகிப்போன வேப்பிலை. அதன் கீழ் கூறைச்சேலை, சிறிய பித்தளைக் குத்துவிளக்கு. அடியிலே பொலித்தீனில் சுற்றி நூலால் கட்டிய காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்கள் இரண்டும். ஈரம் சேலையின் ஒரு கரையோடு நின்றிருந்தது.

உறுதியை அவர் பெரிதாகக் கேட்கவில்லை. "எனது சான்றிதழில் பிறந்த இடம் என்று இருக்குமே, அதை வாசியுங்கள்" என்றார். 'திருகோணமலை' என்று வாசித்தோம். மறுபடியும் வாசிக்கச் சொன்னார்.

தபாலில் அனுப்பட்டுமா என்றதற்கு, வேண்டாம், நேரில் வருகிறேன் என்றார். புரட்டாதியில், வாடை மழைக்கு முன்னர், லொறி வந்து கொள்கலனைத் தூக்கிச் சென்றது. முற்றத்திலே அதன் நான்கு மூலைக் கட்டைகள் அழுந்திய இடத்தில் இன்னும் புல் முளைக்கவில்லை. பெட்டி இப்போது புதிய கூரையின் கீழ், முன்னறையிலே, பலகையொன்றின் மீது இருக்கிறது. சேலையை இல்லாள் நிழலில் உலர்த்தி மடித்து வைத்துள்ளார். பூட்டுப் புதியது. திறப்பு சுவாமி அறையில் தொங்குகிறது.